அந்த வயரிங்கைக் கழற்றுவதற்கு முன்னால்

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. தாத்தா 1962-ல் கட்டிய வீட்டில் இன்னும் மரப்பட்டையில் கிளிப் அடித்த பழைய வயரிங்தான் ஓடுகிறது, அதை அப்படியே விடலாமா, மொத்தமாக மாற்ற வேண்டுமா என்பது ஒன்று. பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அவர் சேர்த்துவைத்த பழைய எலக்ட்ரானிக்ஸ் இதழ்கள் இருக்கின்றன, ஓரமெல்லாம் பென்சிலில் ஏதேதோ எழுதியிருக்கிறார், எடைக்குப் போட்டுவிடலாமா என்பது இன்னொன்று.

வயரை மாற்றுங்கள், இதழ்களை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு விஷயம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்து வயரிங், சுவரைப் பார்த்தே படித்துவிடக்கூடிய ஒன்று. அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது பல பேருக்கு அந்த மாதிரி இதழ்கள்தான். உங்கள் தாத்தா பென்சிலோடு உட்கார்ந்து படித்தவர் என்றால், அந்த வீட்டு வயரிங்கை அவரே மேற்பார்வை பார்த்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் 1973-ல் ஐடிஐ முடித்துவிட்டு மதுரையில் ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்தேன். அப்போது ஒரே தெருவில் மூன்று விதமான வயரிங்கைப் பார்க்கலாம். பழைய பெரிய வீடுகளில் கேசிங் கேப்பிங் இருக்கும். தேக்குப் பட்டையில் இரண்டு காடி, ஒன்றில் பேஸ் (கரண்ட் வரும் வயர்), மற்றதில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்), மேலே திருகாணி போட்டு மூடிய இன்னொரு பட்டை. உள்ளே ஓடுவது ரப்பர் உறையின் மேல் பருத்தி நூல் பின்னிய வயர். குடோன்களிலும் பட்டறைகளிலும் இரண்டு பீங்கான் வில்லைகளுக்கு நடுவில் வயரைக் கவ்விப்பிடிக்கும் கிளீட் வயரிங். அப்போது புதிதாகக் கட்டும் வீடென்றால் உங்கள் வீட்டில் இருக்கும் பேட்டன் வயரிங்தான். ரீப்பர் என்றும் சொல்வோம்.

பேட்டன் வேலை எப்படி நடக்கும் என்று இப்போது சொன்னால் இளம் வயர்மேன்கள் நம்புவதில்லை. முதல் நாள் முழுக்கக் கட்டை பதிப்பதிலேயே போய்விடும். நூலில் நீலப்பொடி தடவி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் ஒரு சுண்டு சுண்டினால் சுவரில் கோடு விழும். அந்தக் கோட்டின்மேல் முக்கால் மீட்டருக்கு மிகாமல் ஒவ்வொரு ஓட்டை. டிரில் மெஷின் எல்லாம் கிடையாது, உளியும் சுத்தியலும்தான். ஓட்டையில் தேக்குக் கட்டை வைத்துச் சிமெண்ட் பூசுவோம். கட்டையின் அகலமான முனை சுவருக்குள் போக வேண்டும், குறுகிய முனை வெளியே வர வேண்டும். மாற்றி வைத்தால் ஆறு மாதத்தில் பட்டையோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். நான் ஒரு கட்டையைத் தலைகீழாக வைத்ததற்கு மேஸ்திரி ஒன்றும் திட்டவில்லை. பூசியது காய்ந்த பிறகு என்னையே இடித்து எடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து அந்தத் தப்பு வரவில்லை.

பட்டையைச் சுவரில் ஏற்றுவதற்கு முன்பே தரையில் போட்டுக் கிளிப் அடித்துவிட வேண்டும். படுக்கை வாட்டில் 10 செ.மீ.க்கு ஒரு கிளிப், நெட்டுக்குத்தாக 15 செ.மீ.க்கு ஒன்று. மேஸ்திரி இரண்டு மூங்கில் குச்சிகளை அந்த அளவுக்கு வெட்டி இடுப்பில் செருகியிருப்பார். பித்தளையில் ஈயம் பூசிய கிளிப்பின் நாக்கைத் துளைக்குள் விட்டு மடக்கி, சுத்தியலால் ஒரே தட்டு. எல்லாக் கிளிப்பின் மடிப்பும் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். இதற்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் அவர் விடமாட்டார். உங்கள் வீட்டில் கிளிப் மடிப்புகளைப் பாருங்கள். வரிசை கலையாமல் இருந்தால் அது நல்ல கை செய்த வேலை.

அந்த வயரிங்கின் பெரிய நன்மை என்ன என்றால், கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும், கரண்ட் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். மெயின் போர்டிலிருந்து கிளம்பும் அகலமான பட்டையில் ஆறு வயர் இருக்கும். ஹாலில் இரண்டு பிரியும், மீதி நாலு அடுத்த அறைக்குப் போகும். மாடிப்படியில் கீழே ஒரு சுவிட்சும் மேலே ஒரு சுவிட்சும் இருக்கிற இடத்தில், இரண்டுக்கும் நடுவில் கூடுதலாக ஒரு வயர் ஓடுவதை எண்ணிப் பார்த்தே அது டூ வே, அதாவது ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்தும் போட்டு அணைப்பது, என்று சொல்லிவிடலாம். வீட்டுக்கார அம்மாக்கள்கூட, “அந்த மூலைக் கிளிப்புகிட்ட வயர் கருத்துப்போச்சு, பாருங்க” என்று சரியாகக் காட்டுவார்கள்.

சரி, அப்படியானால் ஏன் மாற்றச் சொல்கிறேன்? முதல் காரணம் உறை. 1962 என்றால் ரப்பர் உறை வயராகவும் இருக்கலாம், பிவிசியாகவும் இருக்கலாம். ரப்பராக இருந்தால் அது முதலில் சாவது பல்புக்கு மேலே, கூரையில் பல்பு வயர் தொங்கும் உருண்டை மூடியான சீலிங் ரோஸுக்குள்ளே. மெயினை அணைத்து, டெஸ்டரை வைத்து நிச்சயப்படுத்திக்கொண்டு, மூடியைத் திறந்து அங்குள்ள வயரை வளைத்துப் பாருங்கள். வறுத்த அப்பளம் மாதிரி நொறுங்கினால் மற்ற இடத்தை ஆராயவே வேண்டாம். நொறுங்காவிட்டாலும் 500 வோல்ட் மெக்கர் (உறை கரண்டைக் கசிய விடாமல் எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் மீட்டர்) வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். 50-ஐ வீட்டிலுள்ள மொத்தப் பாயிண்ட்களால் வகுத்தால் எவ்வளவு மெகோம் (பத்து லட்சம் ஓம்) இருக்க வேண்டும் என்று வரும். அதிலும் ஒரு மெகோமுக்கு மேல் கட்டாயமில்லை என்பது நெடுநாள் விதி. அந்த அளவும் வரவில்லை என்றால் வயர் போய்விட்டது என்றே அர்த்தம்.

இரண்டாவது, இடையில் யாராவது அலுமினிய வயர் இழுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி. செம்பு பெரும்பாலும் வெளியிலிருந்து வரவேண்டியிருந்ததால் அலுமினியத்துக்குப் போனோம். அடுத்த பத்துப் பதினைந்து வருடம் நாங்கள் இழுத்ததில் பாதி அலுமினியம்தான். செம்பு கடத்துவதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் அது கடத்தும் என்பதுகூடப் பெரிய குறை இல்லை, ஒரு சைஸ் கூட்டிப் போட்டால் தீர்ந்தது. திருகாணிக்கு அடியில் அது மெல்ல மெல்ல நசுங்கி விலகுவதும், மேலே ஆக்சைடு படிவதும்தான் தொல்லை. பிடி தளரும், சூடாகும், இன்னும் தளரும். பிளக் பாயிண்டின் பின்பக்கம் பேக்லைட் கருகி மீன் நாற்றம் அடித்தால் அநேகமாக இந்தக் கதைதான்.

மூன்றாவதுதான் உண்மையிலேயே பெரிய காரணம். உங்கள் வீட்டு விளக்குப் பட்டைகளில், கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் வயர் இருக்காது. அநேகமாக அந்தக் காலத்து லைட் சர்க்யூட் எல்லாமே இரண்டு வயர்தான். பிற்காலத்தில் யாரோ மூன்று பின் பாயிண்ட் மாட்டியிருப்பார்கள், மேல் துளைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. மிக்சியும் வாஷிங் மெஷினும் இருக்கும் வீட்டில் அது ஆபத்து.

எர்த் என்றதும் எனக்கு ரேடியோதான் ஞாபகம் வருகிறது. வால்வு ரேடியோ வைத்திருந்த வீடுகளில் மொட்டை மாடியில் இரண்டு கம்பத்துக்கு நடுவே ஏரியல் கம்பி, கீழே ஒரு எர்த் கம்பி. இதழ்களில், “எர்த் முனையைத் தண்ணீர்க் குழாயில் கட்டுங்கள்” என்று போட்டிருக்கும். அப்போது குழாய் என்றால் இரும்புக் குழாய், நேரே மண்ணுக்குள் போகும். எர்த் என்பது காகிதத்தில் மூன்று கோடு போட்ட அடையாளம் இல்லை, நிஜமாகவே மண் என்று எங்களில் பலருக்குப் புரிந்தது மெயின் போர்டால் இல்லை, ரேடியோவால்தான். பிற்பாடு வீடுகளில் பிவிசி குழாய் வந்தபோது அந்த எர்த் சத்தமில்லாமல் காணாமல் போனது. குழாயில் கட்டிய கம்பி பார்க்க அப்படியே இருக்கும், அதற்கப்பால் பிளாஸ்டிக்.

இதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பதினாலு வயதிருக்கும்போது, பக்கத்து வீட்டு ரேடியோவின் வால்யூம் குமிழ் கழன்றுவிட்டது என்று பார்க்கப் போனேன். மழைக்காலம், சிமெண்ட் தரை, வெறுங்கால். குமிழில் இருந்த சின்னத் திருகாணியைத் தொட்டதும் கை இழுத்துப் பிடித்தது. வீட்டுக்கார மாமா பிளக்கைப் பிடுங்கினதால் பிழைத்தேன். ரேடியோவை அணைத்துத்தான் வைத்திருந்தார்கள், பிறகு ஏன் ஷாக் அடித்தது என்று இரண்டு வருடம் எனக்கு விளங்கவில்லை.

அட்டை கிழிந்த ஒரு பழைய ஆங்கில இதழில்தான் விடை கிடைத்தது. ஏசியிலும் டிசியிலும் ஓடும் அந்த வகை ரேடியோக்களில் டிரான்ஸ்பார்மரே கிடையாது. உள்ளே இருக்கும் இரும்புத் தட்டு நேராக மெயினின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கும். பிளக் இரண்டு பின், எப்படித் திருப்பினாலும் நுழையும். ஒரு பக்கம் செருகினால் தட்டில் நியூட்ரல், திருப்பிச் செருகினால் முழு 230 வோல்ட். போதாததற்கு ரேடியோ சுவிட்ச் நியூட்ரலை மட்டும் அறுத்தால், அணைத்த பிறகும் தட்டில் கரண்ட் நிற்கும். அதனால்தான் கம்பெனியில் அந்தத் திருகாணிக் குழியை மெழுகால் அடைத்து அனுப்புவார்கள். யாரோ முன்பு கழற்றியபோது மெழுகு போய்விட்டது. அந்த ஒரு பக்கத்தைப் படித்த நாளிலிருந்துதான் நான் படிக்கிறவனாக ஆனேன்.

இதழ்கள் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. சென்னைக்கு யாராவது போனால் மூர் மார்க்கெட்டில் பழைய ‘பிராக்டிகல் வயர்லெஸ்’, ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ வாங்கிவரச் சொல்லுவோம். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தபோது எனக்கு வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது. தமிழில் கோவையிலிருந்து வந்த ‘கலைக்கதிர்’ விஞ்ஞானத்தையும் தொழில்நுட்பத்தையும் நல்ல தமிழில் சொன்னது. ஆனால் சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்க வைத்தவை ஆங்கில இதழ்களே. 1969-ல் டெல்லியில் ஆரம்பித்த ‘எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ வந்த பிறகுதான் நம் ஊர்க் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்துச் செய்யும் சர்க்யூட்டுகள் வரத் தொடங்கின. அமெரிக்க இதழ் சொல்லும் டிரான்சிஸ்டரை மதுரையில் எங்கே தேடுவது? நம்மிடம் இருந்ததோ பெங்களூரு பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) செய்த ஏசி 128, பிசி 148, அப்புறம் எஸ்எல் 100.

1983-ல் ‘எலெக்டர்’ இதழின் இந்தியப் பதிப்பு வந்தது. மூலம் டச்சுக்காரர்களுடையது. அவர்கள் சர்க்யூட்டில் டிரான்சிஸ்டர் நம்பர் போடாமல் பல இடங்களில் ‘டன்’, ‘டப்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். டிரான்சிஸ்டரில் இரண்டு வகை உண்டு: சாதாரண என்பிஎன் எதுவானாலும் டன், பிஎன்பி எதுவானாலும் டப். சின்ன ஊரில் இருப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று சொல்லி முடியாது. கையில் இருப்பதைப் போட்டு ஓட்டலாம் என்ற தைரியத்தையே அந்த இரண்டு வார்த்தை கொடுத்தது.

ஆனால் அமெரிக்க இதழ்களில் ஒரு பொறி இருந்தது, உங்கள் பெட்டியிலும் இருக்கும், அதனால் சொல்கிறேன். அங்கே கறுப்பு வயர்தான் பேஸ், வெள்ளை நியூட்ரல். நமக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே இங்கே கறுப்பை பேஸாகப் பிடித்து சுவிட்சில் கொடுத்தால், சுவிட்ச் நியூட்ரலை அறுக்கும், பல்பு அணையும், ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். என் நண்பன் ஒருவன் சொந்த வீட்டில் இப்படித்தான் செய்துவைத்திருந்தான். டியூப் லைட் அணைத்த பிறகும் மங்கலாக மினுக்கிக்கொண்டே இருக்கிறது என்று கூப்பிட்டான். மினுக்கியதால் தப்பித்தான் என்றே சொல்ல வேண்டும். உங்கள் தாத்தா ஓரத்தில் ஏதாவது திருத்தம் போட்டிருந்தால் முதலில் இந்த மாதிரி இடங்களில்தான் போட்டிருப்பார், பாருங்கள்.

பியூஸ் விஷயத்திலும் படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் வித்தியாசம் தெரியும். பீங்கான் பியூஸ் கட்டையில் 5 ஆம்பியருக்குப் போட வேண்டிய வயர் 0.2 மி.மீ. கனம். இரவு பத்து மணிக்குப் பியூஸ் போனால் கடைக்கு யார் போவது? ஆனால் பழைய அயர்ன் பாக்ஸ் வயரையோ டேபிள் ஃபேன் வயரையோ உரித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய இழை ஒவ்வொன்றும் 36 கேஜ், அதாவது 0.193 மி.மீ. ஒற்றை இழை போட்டால் கிட்டத்தட்டச் சரியான பியூஸ். எல்லோரும் செய்ததோ, “ஒண்ணு போதாது” என்று நாலு இழையை முறுக்கிப் போட்டது. நாலு இழை என்றால் 20 ஆம்பியர் பக்கம். லைட்டுக்கு ஓடும் 1/18 வயர் (18 கேஜ் ஒற்றைக் கம்பி) அதற்கு முன்பே பட்டைமேல் வெந்துவிடும். உங்கள் போர்டில் பியூஸ் கட்டைகளை உருவி ஒவ்வொன்றிலும் எத்தனை இழை இருக்கிறது என்று எண்ணுங்கள். அப்புறம் நியூட்ரலிலும் ஒரு பியூஸ் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய போர்டுகளில் இரண்டிலும் வைப்பது வழக்கம். நியூட்ரல் பியூஸ் மட்டும் எரிந்தால் வீடு இருட்டாகும், ஆனால் எல்லா வயரிலும் கரண்ட் நிற்கும். அந்த இருட்டில் நாற்காலி போட்டு ஏறுகிறவருக்கு அது தெரியாது.

இதழிலிருந்து நேராகச் சுவருக்கு வந்த ஒன்றும் உண்டு, ஃபேன் ரெகுலேட்டர். ஐந்து கட்டம் வைத்த பெரிய பெட்டி உங்கள் வீட்டிலும் இருக்கும். உள்ளே ரெசிஸ்டன்ஸ் கம்பிதான். ஒன்றில் வைத்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், மிச்ச மின்சாரம் பெட்டியைச் சூடாக்கும். கை வைத்தால் இதமாக இருக்கும். டயாக், டிரையாக் என்ற இரண்டு எலக்ட்ரானிக் சுவிட்சும், திருகிக் கூட்டிக் குறைக்கும் ஒரு பொட்டென்ஷியோமீட்டரும் வைத்துத் தீப்பெட்டி அளவில் ரெகுலேட்டர் செய்யும் முறையை நாங்கள் இதழில் பார்த்துச் செய்தோம். செய்து ஓட்டினால், ஃபேனைக் குறைத்ததும் மீடியம் வேவ் ரேடியோவில் கர்ர் என்று ஒரே இரைச்சல். ஒரு அலையில் நடுவில் வெட்டி வெட்டிக் கொடுப்பதால் வரும் சத்தம் அது. 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் ஒரு காயிலும் சேர்த்த பிறகு அடங்கியது. சில வருடம் கழித்துக் கடையில் அதே வேலையைச் செய்யும் சின்ன ரெகுலேட்டர் வந்தபோது வாங்கித் திறந்து பார்த்தேன், உள்ளே அதே சர்க்யூட். காயில் மட்டும் இல்லை.

இதழ்களில் ஒன்றை மட்டும் உங்கள் பிள்ளைகள் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். டிரான்ஸ்பார்மருக்குப் பதில் 0.47 மைக்ரோஃபாரட் கண்டென்சரை மெயினில் நேராகப் போட்டு 30 மில்லி ஆம்பியர் சொச்சம் எடுக்கும் சர்க்யூட்டுகள் நிறைய வந்தன. செலவு குறைவு, வேலை செய்யும். ஆனால் அதில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் முனையும் தரையோடு பார்த்தால் 230 வோல்ட்தான். நான் சொன்ன ரேடியோவின் இரும்புத் தட்டு மாதிரியே.

இனி உங்கள் வீடு. சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் என்றால் கன்சீல்டு வயரிங்குக்காகக் காடி வெட்ட விடாதீர்கள். பாதிப் பூச்சு கையோடு வரும், நீளவாக்கில் படுக்கையாக வெட்டினால் சுவருக்கும் நல்லதில்லை. பட்டை போன அதே கோட்டில் பிவிசி பைப்பை வெளியே தெரியும்படியே ஓட்டுங்கள். அந்தக் கோட்டில் கட்டைகள் ஏற்கெனவே பதிந்திருக்கின்றன, நல்ல கை வைத்த கட்டை என்றால் இன்னும் ஐம்பது வருடம் நிற்கும். லைட்டுக்கு 1.5 சதுர மி.மீ., 16 ஆம்பியர் பாயிண்டுக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4, எல்லாம் செம்பு. ஒவ்வொரு பாயிண்டுக்கும் பச்சை வயர் போக வேண்டும். புதிதாக எர்த் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, சித்திரை வைகாசியில் மறக்காமல் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகவே விழுந்து அறுத்துவிடும் சுவிட்ச்) ஒன்று. புது வயரிங்கிலும் அது அடிக்கடி விழுந்தால், எங்கோ கசிகிறது என்று உண்மையைச் சொல்கிறது. “தொல்லையா இருக்கு சார், பைபாஸ் பண்ணிடலாம்” என்று சொல்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பித்தளை மூடி போட்ட உருண்டை சுவிட்சுகள் இருந்தால் அழகுக்கு எடுத்து வையுங்கள், கரண்ட் கொடுக்காதீர்கள். அந்த மூடிக்கு எர்த் கிடையாது.

வேலை தொடங்குவதற்கு முதல் நாள், எல்லாப் பட்டையையும் மூலைக்கு மூலை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, இதழ்களை ஒவ்வொன்றாக விரித்து உதறிப் பாருங்கள். எங்கள் மேஸ்திரி, படித்த வீட்டுக்காரர் என்றால் வேலை முடிந்த அன்று வீட்டின் லைன் படத்தை ஒரு தாளில் வரைந்து கையில் கொடுத்துவிட்டுத்தான் கூலி வாங்குவார். என் வீட்டுப் படம் நாற்பது வருடமாக ஒரு பழைய ‘எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ நடுவில்தான் மடித்து இருக்கிறது. உங்கள் தாத்தாவும் அப்படி எதையாவது அந்தப் பெட்டிக்குள் வைத்திருக்கலாம். கிடைத்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், எந்தக் கோடு எது என்று நான் சொல்கிறேன்.